பாதம் வரைபடமா, பம்பா?

ஓரிக்கையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குழித்தறியில் பட்டு நெய்பவர். மாலையில் தறியை விட்டு எழுந்தால் இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றனவாம். பொருட்காட்சியில் ஒருவர் உள்ளங்கால் படம் ஒன்றைக் காட்டி, இந்தப் புள்ளியை அழுத்தினால் சிறுநீரகம் சுத்தமாகி வீக்கம் வடியும், அந்தப் புள்ளியை அழுத்தினால் முகம் பளபளக்கும், எல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுச் சீன வைத்தியம் என்று சொல்லி முள் வைத்த பிளாஸ்டிக் செருப்பை விற்றாராம். வாங்கலாமா என்பது கேள்வி.

செருப்பு வேண்டாம், அம்மா. ஆனால் இரவில் வீட்டில் யாரையாவது காலைப் பிடித்துவிடச் சொல்லுங்கள். முதல் பதில் படத்தைப் பற்றியது, இரண்டாவது காலைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதில்தான் ஏமாற்று இருக்கிறது.

படத்தின் வரலாறு இவ்வளவுதான். சீன மருத்துவத்துக்குப் புள்ளிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 361. அவற்றில் உள்ளங்காலின் அடிப்பரப்பில் இருப்பது ஒன்றே ஒன்று. கால் விரல்களை மடக்கினால் முன்பாதத்தின் நடுவில் குழிகிறதே, அந்த இடம். யோங்சுவான் என்று பெயர். அப்படியானால் பாதம் முழுக்கக் கல்லீரல், கணையம், கண், காது என்று நிரம்பி வழியும் அந்த வண்ணப் படம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் உடலை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917-இல் புத்தகம் போட்டார். யூனிஸ் இங்காம் என்ற அம்மையார் அந்த மண்டலங்களைப் பாதத்தில் இறக்கி 1938-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். ஐரோப்பா சுற்றிய அந்த முறையைத் தைவானில் பரப்பியவர் யோசேப் அய்க்ஸ்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியார். கிழக்காசியா எங்கும் பாத மசாஜ் கடைகள் பெருகியது அதன் பிறகுதான். நூறு ஆண்டு வயதுகூடச் சரியாக நிரம்பாத படம் அது. நம் சித்த மருத்துவத்தின் 108 வர்மங்களோடும் அதற்குத் தொடர்பில்லை.

படத்தை மடித்து வைத்துவிட்டுக் காலைப் பார்ப்போம். சொல்லத் தகுந்த அற்புதம் அங்கேதான் இருக்கிறது.

நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். இதயம் வரை நிற்கும் இரத்தத் தூணின் எடை அது. அவரே நாலு அடி நடந்தால் அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதயத்தின் தள்ளல் தமனிகளைக் கடந்து நுண்குழாய்களுக்கு வருவதற்குள் பெரும்பாலும் செலவாகிவிடும். பிறகு பாதத்திலிருந்து இரத்தத்தை மேலே ஏற்றுவது யார்?

தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் மேலே ஏறுகிறது. விட்டால் கீழே இறங்காமல் வால்வு தாங்குகிறது. காலில் இப்படி இரண்டு பம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. பெரியது கெண்டைக்கால் சதை. சிறியது உள்ளங்காலில், தோலுக்கு அடியில் இல்லாமல் தசை அடுக்குகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும் சிரைகளின் தொகுதி. பாதத்தை ஊன்றியதும் உடல் எடையால் பாதத்தின் வளைவு தட்டையாகிறது. அதன் இரு முனைகளுக்கிடையே கட்டியிருக்கும் சிரைகள் இழுபட்டு ஒடுங்குகின்றன. உள்ளே இருந்த இரத்தம் ஒரே உந்தில் கணுக்காலைத் தாண்டுகிறது. காலைத் தூக்கியதும் சிரைகள் மறுபடி நிரம்புகின்றன.

காய்ந்து கிடக்கும் அடிபம்பில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித்தானே இறைப்போம்? பாதத்துப் பம்பு செய்வதும் அதுதான். அது ஏற்றிவிடும் இரத்தம்தான் கெண்டைக்கால் பம்புக்குக் கிடைக்கும் முதல் சொம்பு. சொம்பு வராவிட்டால் கெண்டைக்கால் பாதி காலியாக அடிக்கும். வாசர் தேய்ந்த பம்பில் ஏறிய தண்ணீர் சளக்கென்று கீழே இறங்குவதுபோல, சிரை வால்வு பழுதானவருக்கு இரத்தம் பின்னோக்கி வழியும். கால் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்வது அதைத்தான். கைப்பிடியை யாரும் தொடாவிட்டால் தண்ணீர் கீழேயே நிற்கும். இரத்தமும் அப்படித் தேங்கும்போது அதன் நீர் நுண்குழாய்ச் சுவர் வழியே கசிந்து திசுக்களில் சேர்கிறது. மாலை வீக்கம் அதுதான்.

பாதத்துப் பம்பை 1983-இல் பிரிட்டனில் கார்ட்னர், ஃபாக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் எக்ஸ்ரே படமெடுத்துக் காட்டினார்கள். தசை வேலை செய்யாவிட்டாலும் எடை ஊன்றினாலே பம்பு இயங்குகிறது என்பதுதான் அவர்கள் கண்டதில் முக்கியமானது. மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர் காலில் இரத்தம் உறையாமல் இருக்க மாட்டும் காற்றுறை இதிலிருந்து பிறந்தது. ஏறக்குறைய 20 விநாடிக்கு ஒருமுறை அது உப்பி உள்ளங்காலை அழுத்திவிட்டுத் தளரும்.

இப்போது தறிக்கு வருவோம். பலகையில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நாடா குறுக்கே ஓடும் ஒவ்வொரு முறையும் மிதி அழுந்துகிறது. அழுத்துவது முன்பாதம்; உடல் எடையெல்லாம் பலகையில். கெண்டைக்கால் கொஞ்சம் வேலை செய்கிறது. பாதத்து வளைவின்மேல் எடை இறங்கவே இல்லை. பெரிய பம்பு அரை வேகத்தில் அடிக்க, சொம்பு ஊற்ற வேண்டிய சின்ன பம்பு நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது. ஓரிக்கையிலும் பிள்ளையார்பாளையத்திலும் தறியில் உட்காருபவர்களுக்கு மட்டுமல்ல, பணிமனையிலிருந்து பேருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஓட்டுநருக்கும் இதே கதைதான்.

இரவில் ஒருவர் உங்கள் உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கி நீவிவிட்டால், நாளெல்லாம் நின்றுபோன கைப்பிடியை அவர் கையால் அடித்துத் தருகிறார். இறுதி மாதக் கர்ப்பிணிகளிடம் துருக்கியில் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், தினமும் 20 நிமிடப் பாத மசாஜ் கால் வீக்கத்தைக் குறைத்தது. எந்தப் புள்ளி என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. கைப்பிடியில் வரிசையாகப் பொட்டு வைத்து, 'இந்தப் பொட்டைப் பிடித்து அடித்தால் மேலத்தெருக் குடம் நிறையும், அந்தப் பொட்டைப் பிடித்தால் கீழத்தெருக் குடம் நிறையும்' என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் சிறுநீரகப் புள்ளியும் முகப்பொலிவுப் புள்ளியும்.

புள்ளிக்கு வாதாடுபவர்களுக்காக ஒரு பெரிய சோதனை. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முடிவு 2007-இல் வந்தது. சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சிக் குழுவில் 27.4 சதவீதம். ஒருவர் நேரம் ஒதுக்கி, தொட்டு, கவனித்துச் செய்யும் சிகிச்சைக்கு வலியைத் தணிக்கும் ஆற்றல் இருக்கிறது. இடம் மாறினாலும் அது பெரிதாக மாறவில்லை. உள்ளங்காலில் உறுப்புகளின் வரைபடம் இருப்பதாகச் சொல்லும் முறையை 2009-இல் எட்சார்டு எர்ன்ஸ்ட் 18 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தார். எந்த நோய்க்கும் பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே அவர் முடிவு.

அழகுக்கு வருகிறேன். பாதத்தை அழுத்தினால் முகம் வெளுக்கவோ பளபளக்கவோ வழியில்லை. கால் பிடித்துவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும், தூங்கி எழுந்த முகம் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். முகம் வெளிறிச் சோர்ந்திருந்தால் இரத்தசோகையைச் சந்தேகியுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிடித்துவிடுவதால் அழகு கூடுவது பாதத்துக்கே. உள்ளங்கால் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அதனால்தான் குதிகால் வறண்டு வெடிக்கிறது. குளித்து ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினால் ஈரம் உள்ளேயே தங்கும். பட்டு நூலில் வெடிப்பு மாட்டும் தொல்லை உங்களுக்குத் தெரியாததல்ல. கைக்கும் இதே வைத்தியம் போதும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. அரைமணிக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது முறை ஏற்றி இறக்குங்கள். வெறுங்காலோடு வீட்டுக்குள் நாலு நடை நடங்கள். படுக்கும்போது காலுக்குத் தலையணை வையுங்கள். பிடித்துவிடுபவர் விரலிலிருந்து மேல்நோக்கியே நீவட்டும்.

இனி எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் யாரையும் தொடவிடாதீர்கள். சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம், நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீக்கம் காலையிலும் வடியாமல் இருந்தாலோ, முகமும் சேர்ந்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தைச் சோதிக்கும் வழி சிறுநீர், இரத்தப் பரிசோதனைதான், உள்ளங்கால் அல்ல. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு முள் செருப்பும் கூழாங்கல் பாதையும் ஆபத்தானவை. புண் பட்டது அவர்களுக்குத் தெரியாது. தெரியும்போது விரலை எடுக்கும் நிலைக்கு வந்திருக்கும்.

இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீர் ஆகிய மூன்று பரிசோதனைகளும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். செருப்புக் கடைக்குப் போகும் நேரத்தில் அங்கே போய்வாருங்கள்.