மணிக்கட்டை உதறினால் குற்றம்

நியூயார்க்கில் 2019 வரை ஒருவர் பையில் இருந்த மடக்குக் கத்தி சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்பது போலீஸ்காரரின் மணிக்கட்டு வலுவைப் பொறுத்திருந்தது. கிடங்கில் அட்டைப்பெட்டி பிரிப்பவர், மேடை அமைக்கும் தச்சர், ஓட்டல் சமையல்காரர் என்று யாராவது வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார். பேன்ட் பாக்கெட்டின் விளிம்பில் கத்தியின் கிளிப் தெரியும். போலீஸ்காரர் அதை உருவுவார். கைப்பிடியை இறுகப் பிடித்து வெடுக்கென்று ஓர் உதறு. அலகு வெளியே வந்து பூட்டிக்கொண்டால் கைது. வராவிட்டால் இன்னோர் உதறு. எத்தனை முறை உதறலாம் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மடக்குக் கத்தியை அன்றாடம் புழங்குகிறவர்களுக்கு ஒன்று தெரியும். அலகைத் தாங்கும் திருகு நாளாக நாளாகத் தளரும். கடையில் வாங்கிய அன்று எவ்வளவு உதறினாலும் திறக்காத கத்தி, ஒரு வருடம் பெட்டி அறுத்த பிறகு ஒரே உதறலில் திறந்துவிடும். அதை வைத்திருப்பவருக்கே அந்த மாற்றம் தெரிந்திருக்காது. அவர் கட்டைவிரலால் திறந்து பழகியவர். உதறிப் பார்த்திருக்கவே மாட்டார்.

அந்தச் சட்டம் 1958-இல் வந்தது. குறிவைத்தது வேறொரு பொருளை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் வீரர்களிடம் ஒரு கத்தி இருந்தது. நெம்புகோலை அழுத்தி முனையைக் கீழே சாய்த்தால் அலகு தன் எடையாலேயே சரிந்து வெளியே வரும். குதித்தவர் கயிற்றில் சிக்கிக்கொண்டால் ஒற்றைக் கையால் அறுத்துக்கொண்டு தப்புவதற்காகச் செய்யப்பட்டது அது. கிராவிட்டி கத்தி என்ற பெயரும் அதனால்தான். போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாக அதைக் கொண்டுவந்தார்கள். அதைத் தடுக்க எழுதிய சட்டம், புவியீர்ப்பாலோ சுழற்றும் விசையாலோ திறந்து பூட்டிக்கொள்ளும் எந்தக் கத்தியும் ஆயுதம் என்றது. பிற்காலத்தில் கடைகளில் சாதாரணமாக விற்ற பூட்டு வைத்த மடக்குக் கத்திகள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் சிக்கின.

அந்தச் சட்டத்தில் நோக்கம் என்ற பேச்சே இருக்கவில்லை. யாரையாவது குத்த நினைத்தாரா, மிரட்டினாரா என்று அரசு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கையில் இருந்தாலே ஓராண்டு வரை சிறை. முன்பு ஏதாவது ஒரு வழக்கில் தண்டனை பெற்றவராக இருந்தால் அதே கத்தி பெருங்குற்றமாகி, ஏழாண்டு வரை உள்ளே தள்ளியது. பத்தாண்டுகளில் இத்தகைய வழக்குகள் 60,000 வரை இருக்கலாம் என்று 2014-இல் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழ் கணக்கிட்டது. ஏழைகளுக்காக வாதாடும் லீகல் எய்ட் சொசைட்டியின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தங்கள் பக்கம் நின்றவர்களைப் பார்த்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்.

கத்தியை விற்ற கடைகளுக்கு என்ன ஆனது? 2010-இல் மான்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ் பெரிய கடைகள் சிலவற்றோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். அவை சுமார் 19 லட்சம் டாலர் கொடுத்தன; சரக்கை ஒப்படைத்தன. வழக்கு இல்லாமல் விஷயம் முடிந்தது. அப்படிப்பட்ட கடைகளின் அலமாரியிலிருந்து காசு கொடுத்து, ரசீது வாங்கி எடுத்துப் போனவர்களுக்கு விலங்கு. எந்த நியாயத்தராசில் வைத்தாலும் இது சமமாக நிற்காது.

இதை மாற்றக் கிளம்பியவர்கள் சாதாரணமாக ஒரே மேடையில் ஏறாதவர்கள். ஒரு பக்கம் லீகல் எய்ட். மறுபக்கம் அரிசோனாவில் டக் ரிட்டர் 2006-இல் தொடங்கிய ‘நைஃப் ரைட்ஸ்’. ஆயுத உரிமைக்காரர்களின் வழியில் நடக்கும் அமைப்பு. சட்டமன்ற உறுப்பினர் டான் குவார்ட் கொண்டுவந்த மசோதா பெரும் ஆதரவோடு நிறைவேறியும், ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2016-இலும் 2017-இலும் கையெழுத்திட மறுத்தார். போலீஸ் தரப்பின் எதிர்ப்பு அப்படி. 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி பால் கிராட்டி, ஒரு சமையல்காரரின் வழக்கில், உதறிப் பார்த்து முடிவு செய்யும் இந்த முறை அரசியல் சட்டம் ஏற்காத அளவுக்குத் தெளிவற்றது என்றார். அந்த ஆண்டு மே 30 அன்று குவோமோ கையெழுத்திட்டார்.

கத்தியைப் பார்த்து அமெரிக்கச் சட்டமன்றங்கள் மிரண்டது அது முதல் முறையல்ல. 1827-இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த சண்டையில் ஜேம்ஸ் போவி பெரிய கத்தியோடு போரிட்ட கதை நாடெங்கும் பரவியது. போவி கத்தி என்றாலே பயம் வந்தது. அலபாமா 1837-இல் அதன் விற்பனைக்கு 100 டாலர் வரி போட்டது; டென்னசி அடுத்த ஆண்டே தடை செய்தது. 1950-களில் அந்தப் பயம் பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திக்கு மாறியது. பெண்கள் பத்திரிகை ஒன்றில் 1950-இல் வந்த கட்டுரையும், இளைஞர் கும்பல் படங்களும் அதை ஊதிவிட்டன. 1958-இல் மாநில எல்லை தாண்டி அதை விற்கக் கூட்டாட்சித் தடை வந்தது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது.

கத்தி ஆபத்தில்லாத பொருள் என்று நான் சொல்லவில்லை. எஃப்.பி.ஐ. கணக்கில் 2019-இல் ஆயுத விவரம் பதிவான 13,927 கொலைகளில் 1,476 கத்தியாலோ வெட்டும் கருவியாலோ நடந்தவை. அத்தனையும் உயிர்கள். ஆனால் பொத்தான் கத்தி எத்தனை, சமையலறைக் கத்தி எத்தனை என்று அந்தக் கணக்கு பிரிப்பதில்லை. அலகு எப்படித் திறக்கிறது என்பதை வைத்துத் தண்டிக்கும் சட்டத்துக்கு அங்கே ஆதாரம் எதுவும் கிடைக்காது.

நியூயார்க்குக்கு வெளியே மாற்றம் முன்பே தொடங்கியிருந்தது. 2010-இல் நியூ ஹாம்ப்ஷயர் பொத்தான் கத்தித் தடையை நீக்கியது. அதே ஆண்டு அரிசோனா, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான கத்தி விதிகளை ஊர்கள் தம்போக்கில் போடக் கூடாது என்றது. இந்த இரண்டாவது மாற்றத்தின் அருமை கலிஃபோர்னியாவைப் பார்த்தால் விளங்கும். மடங்காத குத்துக்கத்தியை மறைத்து வைக்கக் கூடாது, உறையில் இட்டு வெளியே தெரியும்படி இடுப்பில் கட்டு என்கிறது மாநிலச் சட்டம். மூன்று அங்குலமோ அதற்கு மேலோ அலகுள்ளதைத் தெரியும்படி கொண்டுபோகாதே என்கிறது லாஸ் ஏஞ்சலிஸ் நகர விதி. தொழில் நிமித்தம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அடங்காதவர் எப்படி வைத்தாலும் ஏதோ ஒரு சட்டத்தை மீறுவார்.

டெக்சஸ் 2017-இல் போவி கத்தி, வாள் வரை அனுமதித்தது. மசோதா விவாதத்தில் இருந்தபோதே, மே 1 அன்று, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் கத்தியால் தாக்கி ஒரு மாணவர் இறந்தார்; மூவர் காயமடைந்தனர். சட்டமன்றம் மசோதாவைத் திருத்தியது. ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தி பள்ளி, கல்லூரி, மதுக்கூடம், மருத்துவமனை போன்ற இடங்களுக்குள் வரக் கூடாது என்று சேர்த்தது. எனக்கு இந்த வழி பிடிக்கிறது. துயரத்தைக் கேட்டது, ஆனால் கோடு போட்டது இடத்தின் மீது, கத்தியின் பொறி மீதல்ல.

இப்போது கிளம்பியிருக்கும் இன்னொரு பாதைதான் எனக்கு உறுத்துகிறது. 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் பொத்தான் கத்தித் தடையை ரத்து செய்தது. தீர்ப்பின் முடிவில் எனக்கு மறுப்பில்லை. அதற்குச் சொன்ன காரணம், ஆயுதச் சட்டம் எதுவும் நாட்டின் பழைய மரபோடு பொருந்த வேண்டும் என்று 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் துப்பாக்கி வழக்கில் வகுத்த அளவுகோல். மடக்குக் கத்தியைத் தடுத்த சட்டம் நாடு உருவான காலத்தில் இருந்ததா? இல்லை, ஆகவே தடை செல்லாது. இந்த அளவுகோலில் கைதான கிடங்குத் தொழிலாளியும் கிடையாது, குத்துப்பட்ட மாணவரும் கிடையாது. சட்டமன்றத்தில் நடக்கும் பேரத்தில் இருவருக்கும் இடமிருக்கிறது.

நியூயார்க்கில் அந்தப் பேரம் இன்னும் முடியவில்லை. சுரங்க ரயில் விதிகள் கிராவிட்டி கத்தியையும், பெட்டி அறுக்கும் கட்டரையும்கூட ஆயுதப் பட்டியலிலேயே வைத்திருக்கின்றன. தெருவில் குற்றமில்லாத கத்தி, படியிறங்கி நடைமேடைக்கு வந்ததும் விதிமீறல். அந்த நகரத்தில் கார் வைத்துக்கொள்ள முடியாதவர்தான் கருவிகளோடு ரயில் ஏறுகிறார். இதைத் திருத்தச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. போக்குவரத்து ஆணையமே தன் விதியில், வேலைக்காக மடக்கி எடுத்துச் செல்லும் கத்திக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கலாம்.