பக்கம் திறக்கவில்லை: தடுத்தது யார், எதற்காக?

கைத்தொலைபேசியில் ஓர் அகப்பக்கத்தைத் தட்டுகிறோம். பக்கம் வரவில்லை. நாட்டின் சட்டத்தை மீறுவதால் இதை மலேசியாவில் பார்க்க முடியாது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டும் வருகிறது. எந்தச் சட்டம், யார் உத்தரவு, எத்தனை நாளைக்கு என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. சில வேளைகளில் அந்த அறிவிப்புகூட வருவதில்லை. லைன் சரியில்லை என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

தடுப்பது எப்படி?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முன்பு கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும். இந்தப் பெயருக்கு உரியவர் எந்த லயத்தில், எத்தனையாவது வீட்டில் இருக்கிறார் என்பது கிராணியாருக்குத் தெரியும். இணையத்தில் அந்தக் கிராணியாரின் வேலையைச் செய்வது டிஎன்எஸ் எனப்படும் முகவரிப் பதிவேடு. நாம் பெயரைத் தட்டினால், அந்தத் தளம் எந்த எண்ணில் இருக்கிறது என்று அது சொல்லும். தடுப்பு உத்தரவு வந்துவிட்டால் கிராணியார் வேறு வீட்டைக் காட்டுவார். உண்மையான வீடு அதே இடத்தில்தான் இருக்கும். நமக்கு வழிதான் மறைக்கப்படுகிறது.

உத்தரவிடுவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், அதாவது எம்சிஎம்சி. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 263-ஆவது பிரிவின்படி, ஆணையமோ வேறு அரசு அமைப்போ எழுத்து மூலம் கேட்டால், குற்றத்தைத் தடுக்க இணையச் சேவை நிறுவனங்கள் உதவ வேண்டும். நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவிலோ, இச்சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதியாகக் கொள்ளக்கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது.

தடுப்பு தேவையா?

தேவைப்படும் இடங்கள் உண்டு. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்களைத் தடுத்ததாக ஆணையம் தெரிவித்தது. அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டத் தளங்கள், 31 விழுக்காடு ஆபாசத் தளங்கள். இணையச் சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்து, வட்டிக்குக் கடன் வாங்கித் தவிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அத்தகைய தளங்களை மூடுவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் அதே சாவி வேறு கதவுகளையும் பூட்டியிருக்கிறது. 1எம்டிபி விவகாரத்தை எழுதிவந்த சரவாக் ரிப்போர்ட் 2015 ஜூலையில் தடுக்கப்பட்டது. 14-ஆவது பொதுத் தேர்தலுக்குப் பிறகு, 2018 மே மாதத்தில்தான் அது மீண்டும் திறந்தது. தி மலேசியன் இன்சைடர் செய்தித்தளம் 2016 பிப்ரவரியில் தடுக்கப்பட்டது. அடுத்த மாதமே வணிகக் காரணம் கூறி அதன் உரிமையாளர்கள் அதை மூடிவிட்டனர்.

2017-இல் நடந்தது வேறு வகை. சமயத் தெய்வங்களைச் சண்டையிட வைத்த ஒரே ஒரு கணினி விளையாட்டுக்காக, ஸ்டீம் என்ற பெரிய விளையாட்டு விற்பனைத் தளமே தடுக்கப்பட்டது. ஒரு பொருள் பிடிக்காமல் கடை முழுவதையும் இழுத்துப் பூட்டியது போல.

2024 செப்டம்பரில் இன்னொரு முயற்சி நடந்தது. கூகள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளி நிறுவனங்களின் பதிவேட்டைப் பயன்படுத்துவோரையும் உள்நாட்டுப் பதிவேட்டுக்கே திருப்பிவிட வேண்டும் என்று சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்ததும், தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். விஷயம் மக்களுக்குத் தெரிந்ததால்தான் அது நின்றது என்பதை நாம் மறக்கக்கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

தடுக்கவே கூடாது என்று கேட்கத் தேவையில்லை. மூன்று விஷயங்களைக் கேட்டால் போதும்.

ஒன்று, தடுப்பு அறிவிப்பிலேயே உத்தரவிட்ட அமைப்பு, சட்டப் பிரிவு, நாள் ஆகியவை இருக்க வேண்டும்.

இரண்டு, ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது தடுக்கப்பட்டதா என்று சொல்லும் பக்கம் வேண்டும். முழுப் பட்டியலையும் வெளியிட்டால் அதுவே ஆபாசத் தளங்களுக்கு விளம்பரமாகிவிடும் என்பார்கள். அதற்கும் வழி உண்டு. நம்மைவிடப் பல மடங்கு அதிகமாகத் தடுக்கும் இந்தோனேசியாவில்கூட, டிரஸ்ட் பொசிட்டிஃப் என்ற அரசுப் பக்கத்தில் பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்க்க முடிகிறது.

மூன்று, தளத்தின் உரிமையாளருக்குத் தகவல் போக வேண்டும். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேல்முறையீட்டு நடுவர் மன்றத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் தன் தளம் ஏன் முடக்கப்பட்டது என்றே தெரியாதவர் எதை எதிர்த்து முறையிடுவார்? பலகாரமோ சேலையோ இணையத்தில் விற்கும் ஒரு குடும்பத்தின் தளம் தவறுதலாக முடங்கினால், தீபாவளி வியாபாரமே போய்விடும்.

இனி ஒரு பக்கம் திறக்காவிட்டால், வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் திறந்து பாருங்கள். தடுப்பு அறிவிப்பு வந்தால் அதைப் படம் பிடித்து, காரணம் கேட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மக்களவையில் அவர் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலும் அவைக் குறிப்பில் பதிவாகும்.