ரொறன்ரோவில் எங்கள் அவரை ஏன் பூக்குதில்லை?

ஊரிலிருந்து கொண்டுபோன அவரை விதையை ரொறன்ரோவில் ஊன்றிய உறவினர்கள் என்னிடம் சொல்வது ஒரே முறைப்பாடுதான்: "கொடி பந்தலை மூடிட்டுது, ஒரு பூக்கூட இல்லை." பசளை காணாது, மண் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம். புரட்டாதிக் கடைசியில் மொட்டு வரும். காய் முற்றுவதற்குள் உறைபனி கொடியைக் கருக்கிவிடும்.

குறை மண்ணில் இல்லை. அவரையின் பழைய இனங்கள் பல, பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம்தான். மார்கழியில் அது பதினொன்றரை மணியளவுக்கு இறங்கும். இந்தச் சின்ன வித்தியாசமே எங்கள் அவரைக்குப் போதும். ரொறன்ரோவில் ஆனி மாதப் பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணி. அது 12 மணிக்குக் குறைய செப்ரெம்பர் கடைசியாகிவிடும்.

உண்மையில் செடி அளப்பது இரவைத்தான். 1938இல் அமெரிக்காவில் ஹம்னர், பொன்னர் என்ற இருவர் மருளூமத்தைச் செடியில் இதைக் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே சற்றுநேரம் வெளிச்சம் பட்டாலே பூ வரவில்லை. பகலின் நடுவே இருட்டாக்கியபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே முற்றத்து மின்குமிழும் காரியத்தைக் கெடுக்கலாம். (வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்கள் விளக்கை 12 மணி நேரமாகக் குறைப்பதும் இதே கணக்கில்தான். கனடாவில் 2018இலிருந்து அது சட்டப்படி ஆகுமானது.)

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கன்றைச் சாடியில் வைத்து, கொடியைக் கிள்ளிக் குறுக்கி, ஆடியிலிருந்து மாலை 6 மணி முதல் காலை 8 மணிவரை வெளிச்சம் புகாத பெட்டியால் மூடுங்கள். காய் பிடிக்கும்வரை ஒரு நாளும் தவறக்கூடாது. அலுப்பான வேலைதான்.

இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்றால், நான் வேண்டும் என்பேன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடிவந்த சனம் விதைப் போத்தலைத் தேடி எடுத்துக்கொண்டா வந்தது? அதற்கு முன்னரே வெளிநாடு போன ஒருவரின் அலுமாரியில்தான் சில வீட்டு இனங்கள் மிஞ்சியிருக்கக்கூடும். விதைக்கு ஆயுள் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை புதுவிதை எடுக்காவிட்டால் முளைக்காது. எனவே இருப்பதெல்லாவற்றையும் ஒரே கோடையில் அங்கே ஊன்றிவிடாதீர்கள். பாதியை வைத்திருங்கள். தாவரப் பரிசோதனை அனுமதி பெற்று ஊருக்குக் கொண்டுவர முடிந்தால், மாரி மழையோடு ஊன்றுங்கள். பெட்டியும் வேண்டாம், மூடவும் வேண்டாம்.