மலைநாட்டுப் பேரிக்காயில் தணற்சூட்டு இனிப்பு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் அங்குப் புல்வெளிகளில் உறைபனி படிவதுண்டு. தென்மேற் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிலோ மழையும் மூடுபனியுஞ் சேர்ந்து பகலிலேயே குளிரை உண்டாக்கும். இத்தகைய நாட்களிற் சிறுவர் பச்சைப் பழத்தை விரும்பி உண்பதில்லை. சூடான பண்டத்தையே நாடுவர். கடையில் விற்கும் எண்ணெய்ப் பலகாரம் வாங்குதற்குச் செலவாகும் பணத்தை மீதப்படுத்தி, வீட்டுக் கோடியில் விளையும் பேரிக்காயைக் கொண்டே நல்லதோர் இனிப்பைச் செய்து கொடுத்தல் கூடும்.

மலைநாட்டில் விளையும் பேரிக்காயிற் பெரும்பகுதி கடினமானது. மெல்லும்போது மணல் போல நறநறக்கும். சதையினுள்ளே தடித்த சுவர்களையுடைய கல்லணுக்கள் திரண்டிருத்தலே இதற்குக் காரணமாம். ஆகவே, உப்பும் மிளகாய்த்தூளுந் தூவி உண்பாரன்றி, இதனைப் பழமென மதித்து வாங்குவோர் குறைவு. சந்தையில் விலை போகாத காய் மரத்தடியிலேயே கிடந்து அழுகுகின்றது. அவ்வாறு அழுகும் காய் வீணாவதுடன் நில்லாது, பழ ஈயின் புழுக்களுக்கு இருப்பிடமுமாகின்றது. உதிர்ந்த காய்களை நாள்தோறும் பொறுக்கி, நல்லவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, புழுவுற்றவற்றை இரண்டடி ஆழக் குழியிலிட்டு மண்ணால் மூடுதல் வேண்டும். அடிபட்டுக் கன்றிய இடத்தை வெட்டியெறிந்துவிட்டு எஞ்சிய பகுதியைப் பயன்படுத்தலாம். பூஞ்சணம் பிடித்த காயையோ முழுவதுமே விலக்குதல் நன்று. அதன் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு அப்பாலும் பரவியிருத்தல் கூடும்.

ஆறு பேருக்கு வேண்டிய பொருள்களாவன: தோலும் நடுப்பகுதியும் நீக்கிய பேரிக்காய் 750 கிராம், ஒரு நாள் பழகிய பாண் 200 கிராம், அதாவது 450 கிராம் நிறையுள்ள ஓர் இறாத்தற் பாணிற் பாதிக்குச் சற்றுக் குறைவு, கித்துள் கருப்பட்டி 100 கிராம், அல்லது சீனி 75 கிராம், மாஜரீன் அல்லது பட்டர் 50 கிராம், துருவிய தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, விரலளவு கறுவாப்பட்டை ஒன்று, இடித்துத் தூளாக்கியது, தேசிக்காய் பாதி, உப்பு ஒரு சிட்டிகை. வடபகுதியார் கருப்பட்டிக்குப் பதிலாகப் பனங்கட்டி சேர்ப்பினும் குறைவில்லை.

காயைச் சீவியவுடன் உப்பிட்ட நீரிற் போடுதல் வேண்டும். இன்றேல், வெட்டிய முகம் காற்றுப்பட்டுப் பழுப்பு நிறமடையும். பின்னர் விரற்கனத் துண்டுகளாக்கி, அரைக் கோப்பை நீர்விட்டு, மூடிய பாத்திரத்திற் பத்து அல்லது பதினைந்து நிமிடம் அவித்தல் வேண்டும். கடற்கரையூரிலிருந்து வந்து குடியேறியோர் இப்படியை வீண்வேலையென விட்டுவிடுவதுண்டு. நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுமாதலால், கடினமான காய் அங்கு மெதுவாகவே மென்மையடையும் என்பதை அவர் நினைவிற் கொள்ளற்பாலர். தேசிச்சாற்றையும் முதலிலேயே விடலாகாது. புளிப்பு, காய் இளகுவதைத் தாமதப்படுத்தும். அவித்து இறக்கியபின், கருப்பட்டித் தூள், கறுவா, உப்பு என்பவற்றோடு அதனையும் கலந்துகொள்க.

பாணை உதிர்த்து, உருக்கிய மாஜரீனையும் தேங்காய்ப்பூவையும் சேர்த்துப் பிசிறுக. பாத்திரத்தின் அடியிற் பாண் தூளில் மூன்றிலொரு பங்கைப் பரப்பி, அதன்மேற் காயிற் பாதி, மீண்டும் பாண் தூள், மீண்டும் காய், முடிவிற் பாண் தூள் என அடுக்குக. அடியிலுள்ள தூள் பழச்சாற்றை உறிஞ்சிக் களிபோலாகும். மேலுள்ளது முறுகும். இவ்விரண்டு தன்மையும் ஒருங்கே அமைவதே இப்பண்டத்தின் சுவை. புளிப்புள்ள பழம் அலுமினியத்திற் பட்டாற் சுவையும் நிறமுங் கெடுமாதலின் மண்சட்டி சிறந்தது. ஆயின், அது மீன்கறி சமைத்த சட்டியாக இருத்தலாகாது. எத்துணைக் கழுவினும் அந்த மணம் சட்டியை விட்டு அகலாது.

மின்போறணை உள்ளவர் 180 பாகை செல்சியசில் நாற்பது நிமிடம் வைத்தாற் போதும். அஃதில்லாதோர் கவலையுறத் தேவையில்லை. முன்னாளில் அப்பச்சட்டியின் மூடிமேல் தணலிட்டுச் சுட்ட முறையே இதற்கும் பொருந்தும். அகன்றதொரு கனத்த பாத்திரத்தில் ஓரங்குல உயரத்திற்கு உலர்ந்த மணலைப் பரப்பி அடுப்பிலேற்றிச் சூடாக்குக. பண்டமுள்ள சட்டியை அம்மணல்மேல் வைத்து, விளிம்புள்ள தகரத் தட்டினால் மூடுக. முதல் இருபது நிமிடம் கீழ்ச்சூடு மட்டும் போதும். பின்னர்ச் சிரட்டைத் தணலை வாரித் தட்டின்மேற் பரப்பி, கீழேயுள்ள விறகை இழுத்துவிட்டு, மேலும் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் விடுக. சூட்டின் அளவையறியச் சிறிது கோதுமை மாவை ஒரு தகரத்துண்டில் தூவி உள்ளே வைத்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் இளம்பழுப்பாயிற் சரி; கருகினால் தணலைக் குறைக்க.

இங்கே தோட்ட லயங்களில் வாழ்வோர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியதொன்றுண்டு. வேலை முடிந்தபின் எஞ்சிய தணலைச் சட்டியிலிட்டுக் குளிர்காயும் பொருட்டுப் படுக்கையறையில் வைத்துக் கதவையும் யன்னலையும் அடைக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. தணலிலிருந்து வெளிப்படும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். தலையிடி, மயக்கம், ஓங்காளம் தோன்றின் உடனே எல்லோரும் வெளியேறிக் காற்றுப்படும் இடத்துக்குச் சென்று, தாமதியாது வைத்திய உதவியை நாடுதல் வேண்டும். தணலை வெளியே எடுத்துச்சென்று நீரூற்றி அணைத்தபின்னரே உறங்கச் செல்லுக.

பேரிக்காய் கிடையாத மாதங்களில் அன்னாசியையோ, கனிந்த வாழைப்பழத்தையோ இதே முறையிற் பயன்படுத்தலாம். அவற்றை முன்னரே அவிக்க வேண்டுவதில்லை. அன்னாசி சாறு மிகுந்ததாகையாற் பாண் தூளை 50 கிராம் கூட்டியும், வாழைப்பழத்துக்குக் கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்தும் கொள்க. பேரிக்காயில் உயிர்ச்சத்து சீ அதிகமில்லை. சூட்டில் அதிலும் ஒரு பங்கு குறையும். அச்சத்துக்காகச் சிறுவருக்குக் கொய்யாப்பழத்தைப் பச்சையாகவே கொடுத்துவருதல் வேண்டும். இவ்வினிப்பு அதற்கு ஈடாகாது.

சுட்டெடுத்தவுடன் உண்ணாது பத்து நிமிடம் ஆறவிட்டால் அடுக்குகள் இறுகி, கரண்டியால் எடுக்க இலகுவாகும். மீந்ததை மூடி வைத்து மறுநாட் காலை தாச்சியிற் சூடாக்கிப் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இரண்டாம் நாளுக்கு மேல் வைத்திருத்தல் வேண்டா.