பயிற்சியாளரை மாற்றினால் மட்டும் போதுமா?

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைமையகம் நம் தலைநகரின் துவாரகைப் பகுதியில் இருக்கிறது. அங்கே எடுக்கப்படும் முடிவுகள் சில ஆண்டுகளாகக் கால்பந்து அபிமானிகளின் மனத்தைப் புண்படுத்தி வருகின்றன. தில்லித் தமிழ் இளைஞர்கள் பலர் இதுபற்றிக் கொதிப்புடன் பேசக் கேட்கிறோம். அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டா என்பதை ஆராய்வோம்.

2024 ஜூனில் கத்தாரிடம் 2-1 என்று தோற்று, உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளின் மூன்றாம் சுற்றை இந்தியா எட்டத் தவறியது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் விலக்கப்பட்டார். ஜூலையில் ஸ்பெயின் தேசத்தவரான மனோலோ மார்க்வெஸ் நியமனம் பெற்றார். 2022-இல் ஹைதராபாத் கழகத்துக்கு ஐ.எஸ்.எல். கோப்பையை வென்று தந்த அவரது திறமையை எவரும் ஐயுறவில்லை. ஆனால், கோவா கழகத்தின் பயிற்சிப் பொறுப்பையும் அவர் அப்பருவம் முழுவதும் உடன் வகிக்கலாம் என்று சம்மேளனம் இசைந்ததே அபிமானிகளை வருத்தியது. தேசிய அணி பகுதிநேர வேலையா என்று அவர்கள் கேட்டனர். பலன் என்ன? 8 ஆட்டங்களில் 1 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி. ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரியை நாற்பதாம் வயதில் திரும்ப அழைத்து ஆடவைக்க நேர்ந்தது. 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் தோற்றபின் மனோலோ விலகினார்.

அடுத்த பயிற்சியாளர் பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தனவாம். அவற்றுள் ஸ்பெயினின் புகழ்பெற்ற சாவியின் பெயரும் அடிபட்டது. பின்னர் அம்மடல் போலி எனத் தெரிந்து நகைப்புக்கு இடமாயிற்று. 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் தேர்வானார். 13 ஆண்டுகளுக்குப் பின் ஓர் இந்தியர் என்று மகிழ்ந்தவர்களும், இது சிக்கனம் கருதிய தேர்வு என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். ஓமானை வென்று நம்பிக்கையூட்டிய அணி, அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

ஆக, குறை பயிற்சியாளரின் நாட்டில் இல்லை. அதே ஆண்டு ஜூலையில், கிறிஸ்பின் சேத்ரி என்ற இந்தியப் பயிற்சியாளரின் கீழ், நம் மகளிர் அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மறுபுறம், ஜமீலின் முதல் முகாமுக்கே மோகன் பகான் கழகம் தன் ஆட்டக்காரர்களை அனுப்ப மறுத்தது. ஆட்டக்காரர்களைக் கூட்டிவைத்துப் பயிற்றுவிக்க நாள் கிடைக்காத பயிற்சியாளர் எவராயினும் என்ன செய்ய இயலும்?

பழைய வரலாறும் இதையே கூறுகிறது. 1951-இல் இதே தில்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றபோதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோதும், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் கொணர்ந்தபோதும் பயிற்சியாளர் ஒருவரே: ஹைதராபாத் ரஹீம் அவர்கள். அவருக்குக் காலமும் கிட்டியது, நம்பிக்கையும் கிட்டியது.

எனவே அபிமானிகள் சம்மேளனத்திடம் கேட்க வேண்டியது இரண்டே. ஒருவரைத் தேர்ந்த காரணத்தை வெளிப்படையாகக் கூறுங்கள். தேர்ந்தபின், முழு நேரமும் போதிய முகாம்களும் அவருக்கு அளியுங்கள். பந்துடன் மைதானம் செல்லும் நம் பிள்ளைகள் நாட்டின் சட்டையை அணியக் கனவு காண்கின்றனர். அக்கனவு வாடாதிருக்க இவ்விரண்டும் நிறைவேற வேண்டுமென்பதே நம் அவா.