ஈறுகளில் கசியும் இரத்தம்

பல் துலக்கும்போது உமிழ்நீரில் சிவப்பு கலந்து வந்தால் நம்மில் பெரும்பாலோர் பிரஷ்ஷைத்தான் குறை கூறுகிறோம். சிலர் இரத்தம் கசியும் இடத்தைத் தொடாமல் துலக்கப் பழகிவிடுகின்றனர். இப்பழக்கம் தீங்கானது. தொடாமல் விட்ட இடத்தில் கிருமிப் படலம் தடிக்கும். அது தடிக்கத் தடிக்க ஈறு மேலும் வீங்கி, இரத்தக் கசிவும் மிகும். நலமான ஈறு, மென்மையான பிரஷ் பட்ட அளவில் இரத்தம் சிந்துவதில்லை.

தொடக்க நிலையில் இவ்வீக்கம் முழுவதும் குணமாகக்கூடியது. 1965-ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹரால்டு லோ என்னும் ஆய்வாளர், நல்ல ஈறுகளை உடைய சிலரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் வீக்கம் மறைந்தது. ஆனால் நோய் ஈறோடு நில்லாமல் பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கத் தொடங்கிவிட்டால், இழந்த எலும்பைப் பெரும்பாலும் மீட்க இயலாது, எஞ்சியதைக் காக்கலாம்.

அவரே 1970 முதல் 15 ஆண்டுகள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாய்நலத்தைக் கவனித்தார். அவர்களிடம் பல் துலக்கும் வழக்கமில்லை; பல் மருத்துவம் அவர்களை எட்டியதுமில்லை. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் பரவிப் பற்கள் உதிர்ந்தன. 81 விழுக்காட்டினருக்கு மெதுவாக முன்னேறியது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. அம்மக்களின் வறுமையே இந்த ஆய்வைச் சாத்தியமாக்கியது என்பதை மறந்துவிட்டு இவ்வெண்களைப் படிக்க இயலவில்லை. எனினும் அவை ஒன்றைத் தெளிவாக்கின: ஒரே அழுக்கு, ஒரே கிருமி இருந்தும் எல்லா உடல்களும் ஒரே வகையில் எதிர்வினை ஆற்றுவதில்லை.

அந்த எதிர்வினையைக் கெடுப்பவற்றுள் முதன்மையானவை புகையிலையும் நீரிழிவும். புகைபிடிப்போருக்கு ஈறுகளில் இரத்தக் கசிவு குறைவாகவே தோன்றும். ஆகவே நோய் முற்றும்வரை அவர்களுக்கு எச்சரிக்கையே கிட்டாது.

நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவோ இருவழிப் பாதை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் தளர்ந்து, புண் ஆறவும் தாமதமாகிறது. மறுபுறம், நாட்பட்ட ஈறு அழற்சியில் உருவாகும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீட்டின்படி, ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் எச்பிஏ1சி அளவு மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி குறைந்தது. 8.5 இருந்தவருக்கு ஏறக்குறைய 8.1 ஆவது சிறு பலனன்று. ஆயினும் மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ இது மாற்றாகாது.

இதய நோயைப் பொறுத்தவரை நிதானம் தேவை. ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாகக் காணப்படுவது உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் தெரிவித்தது. பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று எவரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டாம். செயற்கை வால்வு பொருத்தியவர்களின் நிலை வேறு. வாயிலிருந்து இரத்தத்தில் நுழையும் கிருமி அந்த வால்வில் தங்கிவிடக்கூடும். ஆதலால் அவர்கள் பல் சிகிச்சைக்கு முன்னரே தம் நிலையைப் பல் மருத்துவரிடம் கூறி, தேவையான ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பெற வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் அதனைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவது ஆபத்தானது.

படுக்கையில் இருப்போரைப் பேணும் குடும்பத்தினருக்கு ஒரு சொல். விழுங்கும் திறன் குன்றியவர்களுக்கு வாயில் சேரும் கிருமிகள் உமிழ்நீரோடு நுரையீரலுள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பல் துலக்கிவிடப்பட்டோரிடம் நிமோனியா 11 விழுக்காடாகவும், அவ்வாறு செய்யப்படாதோரிடம் 19 விழுக்காடாகவும் இருந்தது. துலக்கும்போது தலையை உயர்த்தி, முகத்தை ஒருபுறம் சாய்த்துக்கொள்ளுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள்.

‘பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும்’ என்ற அச்சத்தால் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்த பற்களை, அவற்றின்மேல் படிந்து இறுகிய காரை சில வேளைகளில் ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கும். காரையை நீக்கியதும் மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளிப்படுகின்றன. சில நாள்கள் பல் கூசவும் செய்யும். ஆட்டம் மிகுதியாக இருந்தால், அந்தப் பற்களை அருகிலுள்ள உறுதியான பற்களோடு மெல்லிய கம்பியால் இணைத்துத் தாங்கல் கொடுக்க முடியுமா என்று பல் மருத்துவரைக் கேளுங்கள்.