‘செங்கோட்டை’யில் எத்தனை எழுத்து?

செ, ங், கோ, ட், டை. அஞ்சு எழுத்துன்னு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிடும். பைத்தானில் ‘லென்’ போட்டுப் பாருங்க, 10 வரும்!

காரணம் யூனிகோடு. அதில் ‘செ’ என்பது ஒரே குறியீடு கிடையாது. ‘ச’ ஒன்று, கொம்பு ஒன்று. ‘ங்’கிலும் புள்ளி தனிக் குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக, ஊர்ப் பெயருக்கு மொத்தம் 30 பைட்.

இதனால என்ன? பெயரை முதல் 5-ஓட வெட்டச் சொன்னா, ‘செங்க’தான் மிஞ்சும். இன்னொரு சிக்கல், ‘கோ’. அதோட ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு, கால்னு ரெண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. டேட்டாபேஸில் ஒரு விதமா இருந்து, நாம இன்னொரு விதமா தேடினா, செங்கோட்டைங்கிற ஊரே இல்லைன்னு பதில் வரும்.

தீர்வு எளிதுதான். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாத்திடுங்க, ரெண்டும் ஒண்ணாகிடும். எழுத்தை எண்ணவும் வெட்டவும் ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘செக்மென்டர்’ இருக்கு. அது சரியா 5 சொல்லும்.

அடுத்த ப்ராஜெக்ட்டில் முதல் டெஸ்ட் கேஸா உங்க ஊர்ப் பெயரைத் தமிழ்ல கொடுத்துப் பாருங்க.